டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது? கடைக்குப் போகும் முன் நீங்களே கண்டுபிடிக்கும் வழி

18,000 கிலோமீட்டரில் என் காரின் இடது முன் டயர் முடிந்துபோனது. நின்று பார்த்தால் பட்டன், அதாவது சாலையைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பர், நன்றாகத்தான் இருந்தது. பஞ்சர் ஒட்டுபவர் சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப்போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்பக்க விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. "இதில் எப்படி சார் நெடுஞ்சாலையில் போனீர்கள்?" என்றார் அவர்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் மூன்று முறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தை இயந்திரத்தில் அளந்து சரிசெய்வது) செய்திருந்தேன். மூன்று முறையும் திரையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக மாறின. மூன்று முறையும் பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். டயர் தேய்ந்தால் அலைன்மென்ட், அலைன்மென்ட் செய்தும் தேய்ந்தால் புது டயர் என்பதே நம் ஊர் வழக்கம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது டயர் போட்டால் அந்தப் புது டயரும் அதே வழியில் போய்விடும்.

டயர் எப்படி ஓடியது என்பதெல்லாம் அதன் பட்டனிலேயே பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் முதலிலேயே எந்த வரிசையில் பார்த்திருக்க வேண்டுமோ, அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

தேவைப்படுபவை: பட்டனின் ஆழம் பார்க்கும் சிறிய அளவுகோல், காற்றழுத்தம் பார்க்கும் கருவி, டார்ச், சாக்பீஸ், ஒரு நோட்டு. ஆழமானி கிடைக்கவில்லையென்றால் தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் பிடித்து எடுத்து, ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். துல்லியம் குறையும் என்றாலும் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

முதலில், உண்மையிலேயே சீக்கிரம் தேய்கிறதா?

இதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். புதுக் கார் டயரில் பட்டனின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய டயரில் கார் ஓட்டக் கூடாது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு திண்டுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயரின் தோள்பட்டையில் 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். பட்டன் அந்தத் திண்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததுமே ஈரச்சாலையில் பிடிப்பு குறையத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

8 மில்லிமீட்டரில் தொடங்கினால் செலவழிக்கக் கையில் இருப்பது 6.4 மில்லிமீட்டர். 10,000 கிலோமீட்டரில் 1.6 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் அந்த டயர் 40,000 வரை வரும். சாதாரணக் குடும்பக் காருக்கு இது நியாயமான கணக்கு. அதே தூரத்தில் 3 மில்லிமீட்டர் போயிருந்தால் 21,000-லேயே கடைக்குப் போக வேண்டியிருக்கும். அப்படியென்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

முன்சக்கர இயக்கம் கொண்ட கார்களில் முன் டயர்கள் பின் டயர்களைவிட வேகமாகத் தேய்வது இயல்பு. இழுப்பதும் திரும்புவதும் அவைதான், பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பதும் அவைதான். முன்னும் பின்னும் வேறுபடுவதை நோய் என்று நினைத்துவிட வேண்டாம். இடதும் வலதும் வேறுபட்டாலோ, ஒரே டயரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேறுபட்டாலோதான் கவலைப்பட வேண்டும்.

பன்னிரண்டு எண்கள்

ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் அளந்தால் நான்கு டயருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு எண்கள் கிடைக்கும். கிலோமீட்டர் அளவோடு நோட்டில் எழுதுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

உள்விளிம்பை எட்டுவது சிரமம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முன் டயருக்கு எளிய வழி உண்டு. காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே வந்து முகத்தைக் காட்டும். மறுபக்கச் சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். பின் டயருக்கு, செல்பேசியின் விளக்கைப் போட்டு, காருக்குப் பின்னாலிருந்து தரையோடு தரையாக நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும்.

என் இடது முன் டயரை அன்று அளந்தபோது வெளிவிளிம்பு 5.1, நடு 4.6, உள்விளிம்பு 0.9. இந்த மூன்று எண்களை ஆறு மாதம் முன்பே பார்த்திருந்தால் ஒரு டயரின் விலை மிஞ்சியிருக்கும்.

தேய்மானத்தின் வடிவம் சொல்லும் செய்தி

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது. காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, பாரமெல்லாம் ஓரங்களில் விழுகிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு, காற்று சரியாக இருந்தாலும் முன் டயர்களின் ஓரங்கள், குறிப்பாக வெளியோரம், கரடுமுரடாக உரிந்து போயிருக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40. ஒவ்வொன்றிலும் முன் டயரின் தோள் தார்ச்சாலையில் உரசித்தான் கார் திரும்புகிறது. மாதம் இருமுறை ஏறி இறங்குகிறவர் டயரைக் குறை சொல்வதில் பயனில்லை.

நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இன்றைய ரேடியல் டயர்களில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பி வலை இருப்பதால், இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடினாலே நடு தேய்ந்துவிடாது. நெடுநாள் அதிகக் காற்றோடு ஓடியிருக்க வேண்டும்.

ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரம் நிற்கும் கோணம் பிழை. இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது அவசியம். காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ இருப்பது டோ. நம் இரண்டு பாதங்களையும் உள்பக்கம் திருப்பியோ வெளிப்பக்கம் திருப்பியோ நடப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு உள்நோக்கினால் வெளியோரமும், வெளிநோக்கினால் உள்ளோரமும் அதிகம் தேயும்.

இரண்டில் டயரைக் கொல்வது பெரும்பாலும் டோதான். கேம்பர் சற்றுப் பிசகினாலும் சக்கரம் நேராகவே உருளும். டோ பிசகினால் ஒவ்வொரு மீட்டரும் டயர் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டே போகிறது. ஒரு சக்கரம் கால் டிகிரி பிசகியிருந்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் இழுபடும். 10,000 கிலோமீட்டரில் அது 44 கிலோமீட்டர். மதுரையிலிருந்து ஏறத்தாழ சிவகங்கை வரை டயரைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போனதற்குச் சமம்.

இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவித் தெரிந்துகொள்வது எளிது. உள்ளங்கையை டயரின் முகத்தில் வைத்து, உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் மெதுவாகத் தடவுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் பூனையின் முதுகுபோல வழுக்கிக்கொண்டு போய், எதிர்த்திசையில் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் ரம்பப் பல்போலக் கையில் தட்டினால் டோ கெட்டிருக்கிறது. ஓரம் தேய்வது கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநாள் முன்பே இது கைக்குத் தெரிந்துவிடும். கம்பி வெளியே வந்த டயரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கை கிழியும்.

திட்டுத்திட்டாக, குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சர்பரைச் சந்தேகிக்க வேண்டும். அது பலவீனமானால் சக்கரம் சாலையில் உட்காராமல் துள்ளிக்கொண்டே ஓடுகிறது. விழும் இடத்தில் ரப்பர் போகிறது. ஷாக் அப்சர்பரின் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் வேறு சோதனை தேவையில்லை. பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமன்) கெட்டாலும் இப்படி ஆகலாம். ஆனால் அப்போது 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியிருக்கும். ஓர் எச்சரிக்கை: குழி விழுந்த டயர் ஓடும்போது 'ஹும்' என்று ஒலிக்கும். வீல் பேரிங் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பேரிங்கை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் கூடவே பின்னால் போனால் அது டயரின் சத்தம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், எப்போதோ பிரேக்கை இறுக்கி மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது.

காற்று

காற்று விஷயத்தில் நடக்கும் தவறுகள் மூன்று. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அடிப்பது முதல் தவறு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கு உரிய அளவு அல்ல. உரிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. பெரும்பாலான தாள்களில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று சாதாரண நாட்களுக்கு, மற்றொன்று முழுப்பாரத்துக்கு. ஐந்து பேர், ஐந்து பெட்டிகள், கூடவே குலதெய்வம் கோயிலுக்குப் பாத்திரம் பண்டம் என்று கிளம்பும் நாளில் இரண்டாவது அளவைப் பாருங்கள்.

சூடான டயரில் பார்ப்பது இரண்டாவது தவறு. அரை மணி நேரம் ஓடி பங்கில் நிறுத்தினால் அழுத்தம் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடித் தெரியும். "அதிகமாக இருக்கிறது" என்று பையன் இறக்கிவிடுவான். காலையில் டயர் குளிர்ந்தபின் பார்த்தால் காற்று குறைந்திருக்கும். மூன்று மணி நேரம் நின்ற காரில், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடிய காரில் பார்ப்பதுதான் சரி. வெப்பநிலை 10 டிகிரி மாறினால் அழுத்தம் ஒன்றரை முதல் 2 பி.எஸ்.ஐ. மாறும் என்பதால் மார்கழியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் கூடுதலாகக் கவனியுங்கள்.

மூன்றாவது, பங்கின் கருவியை மட்டும் நம்புவது. சொந்தமாக ஒரு கருவி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே டயரில் மட்டும் வாரத்துக்கு 3 பி.எஸ்.ஐ. இறங்கினால், சோப்புத் தண்ணீரை வால்வு மேலும் ரிம் விளிம்பிலும் பட்டன் முழுவதும் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடம் தெரிந்துவிடும்.

நைட்ரஜன் அடித்தால் தேயாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்தல்

நான் மூன்று முறை தவறவிட்டது இந்தப் படியைத்தான். தளர்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படம் நேராக மாட்டுவது போன்றது.

சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, எதிர்ச்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும்வரை மட்டும் ஜாக்கியை ஏற்றுங்கள். உடம்பின் எந்தப் பகுதியும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டெப்னியைக் கழற்றிக் காரின் அடியில் படுக்கப்போடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் கார் அதன் மேல்தான் இறங்கும்.

சக்கரத்தைக் கடிகாரம் என்று வைத்துக்கொண்டு, 9 மணி, 3 மணி இடங்களில் இரு கைகளாலும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். 12 மணி, 6 மணியில் பிடித்து ஆட்டுங்கள். இங்கே ஆடினால் சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். இரு வகையிலும் ஆடினால் பேரிங்காக இருக்கலாம். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, காதைக் கொடுங்கள். கரகரவென்ற அரைப்பு வந்தால் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தச் சோதனையில் சிக்காத ஒன்று உண்டு. அதுதான் சக்கரத்தைக் காரின் உடம்போடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ். என் காரில் கெட்டிருந்தது அதுவே. நின்றிருக்கும்போது ரப்பர் கிழிந்திருந்தாலும் ஆர்ம் தன் இடத்திலேயே இருக்கும். எனவே இயந்திரம் பச்சை காட்டும். சாலையில் பிரேக் மிதித்ததும் ஆர்ம் பின்னால் நகர்ந்து சக்கரத்தின் மூக்கை வெளிப்பக்கம் திருப்பும். உள்ளோரம் தேயும். பிரேக்கை விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஓடும்போது செய்யும் குற்றத்தை நிற்கும்போது தேடினால் எப்படி அகப்படும்?

வீட்டில் இதற்குக் குறிப்பு ஒன்று கிடைக்கும். ஆளில்லாத இடத்தில் மெதுவாக ரிவர்ஸ் எடுத்துச் சட்டென்று பிரேக் பிடியுங்கள். பிறகு முன்னால் நகர்ந்து பிரேக் பிடியுங்கள். முன்பக்கம் அடியிலிருந்து 'டக்' என்று ஒரு தட்டு கேட்டால், லிஃப்டில் ஏற்றி நெம்புகோல் வைத்து புஷ்ஷை நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். "பாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். நெம்பினால்தான் கிழிசல் வாய் திறக்கும். என் காரில் அது திறந்ததை நானே குனிந்து பார்த்தேன். தோசைக்கல்லில் எடுக்க மறந்த தோசைபோல் கறுத்து வெடித்திருந்தது.

இடது பக்கம் ஏன் முதலில் போகிறது என்று கேட்டால், நம் சாலைகளில் தார் முடிந்து மண்ணில் இறங்கி ஏறுவது இடது சக்கரம்தான். உடைந்த ஓரமும் சாக்கடை மூடியும் அதற்கே வாய்க்கின்றன.

பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

ஒரே ஒரு டயர் மட்டும் வேகமாக, ஆனால் சமமாகத் தேய்ந்தால் இதைப் பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் நிறுத்தி, ஒவ்வொரு ரிம் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். டிஸ்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர் சிக்கியிருக்கிறது.

இனி அலைன்மென்ட்

பாகங்களில் தளர்வு இல்லை, காற்று சரி என்று ஆனபின்தான் கடைக்குப் போக வேண்டும். டிக்கியில் இருக்கும் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போங்கள்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது, சரிசெய்வதற்கு முன்பிருந்த அளவு. பலர் பின்னளவை மட்டும் அச்சடித்துக் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது முன்னளவுதான். எந்தச் சக்கரம், எந்தப் பக்கம், எவ்வளவு பிசகியிருந்தது என்பது உங்கள் பன்னிரண்டு எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உள்ளோரம் தேய்ந்த சக்கரத்தில் எல்லாம் சரி என்று இயந்திரம் சொன்னால், கோளாறு கோணத்தில் இல்லை, கோணத்தைப் பிடித்துவைத்திருக்கும் பாகத்தில் இருக்கிறது. அந்த மூன்று பச்சைத் திரைகளும் எனக்குச் சொன்னது இதுதான். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அடுத்து, கேம்பர். பல சிறிய கார்களில் முன்சக்கரத்தில் திருகிச் சரிசெய்யக்கூடியது டோ மட்டுமே. கேம்பருக்கு அத்தகைய ஏற்பாடு கிடையாது. ஆனாலும் சில கடைகளில் "கேம்பர் அவுட், சக்கரத்துக்கு இவ்வளவு தனி" என்று சொல்லிவிட்டு, ஹைட்ராலிக் ஜாக்கியை முட்டுக்கொடுத்து, ஷாக் அப்சர்பரோடு சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூணான ஸ்ட்ரட்டை வளைத்து எண்ணைக் கொண்டுவருவார்கள். என் கருத்தில் இது வேண்டாத வேலை. கேம்பர் மாறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மாற்றுவதே வைத்தியம். வளைந்ததை எதிர்ப்பக்கம் வளைப்பது வைத்தியம் அல்ல.

பேலன்சிங்கும் அலைன்மென்டும் ஒன்றல்ல. பேலன்சிங் எடையைச் சமன்செய்வது, நடுக்கத்துக்கு மருந்து. ஓரம் தேய்வதற்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கார் நன்றாக இருக்கிறது, இன்னும் தேய்கிறது

அப்போது ஓட்டுபவரைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புவது, வேகத்தடை வரை விரட்டிப் போய் மிதிப்பது, ரவுண்டானாவில் வேகம் குறைக்காமல் வளைப்பது, இவை எல்லாமே ரப்பரைத் தின்னும். மின்சார கார்களில் பேட்டரியின் எடையும், மிதித்ததும் பாயும் விசையும் சேர்ந்து டயரை வேகமாகத் தேய்க்கும். அங்கே வலது கால்தான் வைத்தியர்.

டயரையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 185/65 ஆர்15 88 எச் என்பது போன்ற எழுத்துகளில் 88 என்பது பாரக் குறியீடு, அந்த டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். காரோடு வந்ததைவிடக் குறைந்த குறியீடு உள்ள டயரை மாட்டியிருந்தால் அதுவே காரணமாகலாம். மென்மையான ரப்பரில் செய்த டயர் பிடிப்பு நன்றாகக் கொடுக்கும், சீக்கிரமும் தேயும். அது குறையல்ல, நாம் வாங்கிய குணம்.

டயர்களை இடம் மாற்றாமல் விடுவதும் ஒரு காரணம். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். முன்சக்கர இயக்கக் காரில் முன்னவை நேராகப் பின்னுக்கும், பின்னவை குறுக்காக முன்னுக்கும் வரும். அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் சுழல வேண்டிய டயராக இருந்தால் அதே பக்கத்திலேயே முன்பின்னாக மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் காரணம் தெரியாத நிலையில் இடம் மாற்றினால் தடயம் கலைந்துவிடும். மாற்றுவதற்கு முன் அளந்து எழுதிவிட்டு, ஒவ்வொரு டயரின் உள்பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

என் காரில் இரண்டு பக்க லோயர் ஆர்ம் புஷ்களையும் மாற்றி, அதன்பின் ஒரே ஒரு முறை அலைன்மென்ட் செய்து, முன்னால் இரண்டு புது டயர் போட்டேன். 7.5 மில்லிமீட்டரில் தொடங்கியவை. 8,000 கிலோமீட்டரில் இடது டயரின் வெளியோரம் 6.4, நடு 6.3, உள்ளோரம் 6.3. இந்த வேகத்தில் 39,000 வரை வரும். அதே நாளில் ஸ்டெப்னியையும் அளந்தேன். பட்டன் புத்தம் புதிது, காற்று 14 பி.எஸ்.ஐ.